சோறு இருந்தது, ஆள் இல்லை: ஏர்வாடியும் இராமநாதபுரக் கரையின் அறமும்

1. கேள்வி

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியுமுன், ஏர்வாடியில் மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சங்கிலியில் கிடந்தார்கள். எழுந்து ஓட வழியின்றி 25 பேர் கருகி மாண்டார்கள்; பின்னர் மூவர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கின் பெயரில் இன்றுவரை 25 என்றே இருக்கிறது. இறந்தவர்கள் 28 பேர்.

இத்துயரைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி குற்றவாளியைத் தேடுகிறது. தேட வேண்டியதுதான். நீதிமன்றமும் தேடியது, 2007இல் காப்பக உரிமையாளருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் ஏழாண்டுச் சிறை விதித்தது. இக்கட்டுரையின் கேள்வி அதிலிருந்து சற்று விலகியது. ஏர்வாடி ஈகைக்குப் பேர்போன ஊர். சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீது பாதுஷாவின் அடக்கத்தலத்துக்குச் சேதுபதி மன்னர்கள் நிலம் கொடுத்ததை எஸ்.எம். கமால் போன்ற வட்டார வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சந்தனக்கூட்டுக்கு இந்துக்களும் கிறித்தவர்களும் வருகிறார்கள். நேர்ச்சைச் சோறு சாதி மதம் கேட்காமல் பரிமாறப்படுகிறது. இவ்வளவு தருமம் பாய்ந்த மண்ணில், அதற்கு எல்லாரையும்விட உரியவர்களின் காலில் ஏன் இரும்பு ஏறியது?

கேள்வியை மனநல மருத்துவத்துக்குள் மட்டும் அடைத்துவிடக் கூடாது. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏற்றுக்கொண்ட ஏழு வகைகளில் மனநோயும் ஒன்று. ஆகவே ஏர்வாடிக் கொட்டகையில் கிடந்தவர்கள் சட்டப்படி மாற்றுத்திறனாளிகள். ஆனால் மனநோயால் வரும் ஊனத்தை அளந்து சான்றளிப்பதற்கான வழிகாட்டுதலை நடுவண் அரசு வெளியிட்டது 2002 பிப்ரவரியில், தீ விபத்துக்கு ஆறு மாதம் கழித்து. உரிமை ஏட்டில் இருந்தது. அதைக் கேட்டுப் பெறுவதற்கான அளவுகோல் இல்லை.

2. நிலவும் விளக்கங்கள்

முதல் விளக்கம் மூடநம்பிக்கை. மருத்துவரிடம் போக வேண்டியவர்களை ஜின், செய்வினை என்று சொல்லித் தர்காவுக்குக் கொண்டுவந்தார்கள். விளக்கெண்ணெயும் தர்காத் தண்ணீரும் கொடுத்தார்கள். கனவில் 'உத்தரவு' வரும்வரை காத்திருக்க வைத்தார்கள் என்பது இதன் சாரம். நடந்ததை இது பொய்யாகச் சொல்லவில்லை. ஆனால் நம்பிக்கைக்கும் சங்கிலிக்கும் இடையே இது போடும் முடிச்சு அவ்வளவு உறுதியானதில்லை.

திண்டுக்கல் வட்டாரத்தில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய மனநோயாளிகளைப் பற்றி ஆர். ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை, பிரித்தானிய மருத்துவ இதழில் 2002 ஜூலையில் வெளிவந்தது. தீ விபத்து நடந்து ஓராண்டுகூட நிறையவில்லை. மூன்று மாத காலத்தில் அங்கே வந்து தங்கிய 31 பேரை அவர்கள் ஆராய்ந்தார்கள். பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளிகள். சராசரியாகச் சில வாரத் தங்கலில் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. புதுவகை மனநோய் மருந்துகள் தரும் பயனோடு ஒப்பிடத்தக்க அளவு இது என்று அவர்கள் சொன்னது அப்போது பலருடைய புருவத்தை உயர்த்தியது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை, எண்ணிக்கை சிறிது என்ற குறைகள் அந்த ஆய்வுக்கு உண்டு. ஆயினும் ஒரு செய்தி கவனத்துக்குரியது. குணத்துக்குக் காரணமாக அவர்கள் எந்தச் சடங்கையும் சுட்டவில்லை. அச்சுறுத்தல் இல்லாத, ஆதரவான இடத்தில் தங்கியதைச் சுட்டினார்கள். நோயாளியோடு உறவினர் ஒருவர் உடன் தங்கினார் என்பதும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. அவ்வளவாகப் பேசப்படாத இந்தச் செய்திக்குப் பின்னர் வருகிறேன்.

இரண்டாவது விளக்கம் அரசு இல்லாமை. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. உரிமம் இல்லாமல் மனநலக் காப்பகம் நடத்தக் கூடாது என்றது. தீ விபத்தின்போது, ஏர்வாடியில் பதினைந்துக்குக் குறையாத காப்பகங்கள் இயங்கிய நிலையில், அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்து எட்டு ஆண்டாகியிருந்தது. தமிழ்நாடு முழுமைக்கும் இருந்த ஒரே அரசு மனநல மருத்துவமனை, 1794இல் வேர்விட்ட கீழ்ப்பாக்கம் மருத்துவமனை. ஏர்வாடியிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். இந்த விளக்கத்தை மறுக்க யாராலும் முடியாது. ஆனால் அரசு இல்லாத இடத்தை ஏதோ ஒன்று நிரப்பியது. அது ஏன் அந்த வடிவத்தில் நிரப்பியது என்பதை இது சொல்வதில்லை.

மூன்றாவது, பேராசை. குடும்பங்களிடம் காப்பகங்கள் பணம் வாங்கின; தங்கியிருந்தவர்களைக் கையேந்த அனுப்பியதாகவும் அக்காலச் செய்திகள் கூறின. ஒப்புக்கொள்ள வேண்டியதே. ஆனால் காப்பகம் நடத்தியவர்களில் சிலர், ஒரு காலத்தில் தங்கள் வீட்டு நோயாளியை அழைத்துவந்து அங்கேயே தங்கிப்போனவர்கள். அப்படி ஒருவர் முதலில் தன் மகனைப் பார்த்துக்கொண்டார். பிறகு பக்கத்துக் குடும்பம் ஊருக்குப் போகும்போது அவர்கள் பிள்ளையையும் பார்த்துக்கொண்டார். பிறகு அதற்குப் பணம் வாங்கினார். இந்தப் படிகளில் கொடியவன் எந்தப் படியில் பிறந்தான் என்று சுட்டுவது எளிதில்லை.

எதிர்முனையில் இன்னொரு குரலும் உண்டு. ஏர்வாடிக்குப் பிறகு நம்பிக்கைத் தலங்களையெல்லாம் மருத்துவத்தின் பெயரால் அரசு ஒடுக்கியது. அதனால் ஏழைகள் தங்களுக்கு இருந்த ஒரே புகலிடத்தையும் இழந்தார்கள் என்று பார்கவி தவர் போன்ற ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். 2001 ஆகஸ்ட் 13இல் ஏர்வாடிக் காப்பகங்கள் அனைத்தும் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டார்கள். தீயின் சூடு ஆறுமுன் எடுத்த அம்முடிவைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் மூடிய மறுநாள் அவர்களை யார் பார்த்துக்கொள்வது என்று தவரின் தரப்பு கேட்ட கேள்வி இன்னும் தீரவில்லை.

3. சங்கிலியின் பொருளாதாரம்

தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்ளக்கூடும், இரவில் எழுந்து எங்காவது போய்விடக்கூடும் என்று அஞ்சப்படும் ஒருவரைக் கட்டாமல் வைத்திருக்க என்ன வேண்டும்? இடமும் சோறும் துணியும் வேண்டும், இவை மலிவு. மருந்து வேண்டும், அரசு மருத்துவமனையில் இலவசம். எல்லாவற்றுக்கும் மேலாக ஆள் வேண்டும். இரவில் நடப்பவரோடு கூட நடக்கவும், தட்டைத் தள்ளிவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி ஊட்டவும், குளிக்க மறுப்பவரிடம் பேசிப் பேசி இணங்கவைக்கவும் ஆள் வேண்டும். ஒருவர் பகலில் பார்த்தால் இரவுக்கு வேறொருவர் வேண்டும். மாதம் தவறாமல் கூலி கேட்கும் ஒரே செலவு இதுதான்.

தர்காவுக்கு வரும் தருமம் எப்படிப்பட்டது? நேர்ச்சை செய்பவர் ஒருநாள் வருகிறார். ஒரு தேக்சா சோறு, ஓர் ஆடு, அரிசி மூட்டை, வேட்டி சேலை என்று கொடுக்கிறார். அது அன்றே தீர்ந்துவிடும். கொடுத்தவர் கண் முன்னே பசி அடங்கும். இரவுக் காவலாளியின் மாதச் சம்பளத்தை யாரும் நேர்ந்துகொள்வதில்லை. ஆகவே ஏர்வாடியில் சோற்றுக்குப் பஞ்சம் வரவில்லை, ஆளுக்கு வந்தது. பகலில் மரத்தோடு கயிறும் இரவில் கட்டிலோடு சங்கிலியும் அந்த ஆளின் வேலையைப் பார்த்தன. ஒருமுறை வாங்கினால் போதும். சங்கிலி கூலி கேட்காது, தூங்காது. உத்தரவு வந்தால் விலங்கு தானே கழலும் என்ற நம்பிக்கை, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த இந்தச் சிக்கனத்துக்குப் புனிதம் ஏற்றியது என்பதே என் வாசிப்பு. நம்பிக்கை சங்கிலியைப் பிறப்பிக்கவில்லை, அதைப் பொறுத்துக்கொள்ள உதவியது.

குடும்பங்களின் பக்கமும் இதே கணக்குத்தான். ஏர்வாடிக்கு வந்தவர்கள் கேரளம் வரை பல ஊர்க்காரர்கள். ஆனால் இந்தக் கரையையே எடுத்துக்கொண்டால் கணக்கு தெளிவாக விளங்கும். பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ ஒரு மீனவக் குடும்பத்தில் ஆண் கடலுக்குப் போகிறார். பெண் மீன் விற்கவோ, கருவாடு காயவைக்கவோ, பாசி எடுக்கவோ போகிறார். உள்ளே தள்ளிப் போனால் வானம் பார்த்த பூமி. சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுகிற வேலை. இரண்டு கூலியில் ஓடும் வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் உட்கார்ந்தால் வருமானம் பாதியாகும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அந்தப் பாதியும் இல்லை. 'தர்காவில் விட்டிருக்கிறோம்' என்று சொல்லும் குடும்பத்தைக் கைவிட்டவர்கள் என்று எழுதுவது வழக்கம். விட்டுவிட்டு வந்த தாய் மறுநாள் காலை வேலைக்குப் போனார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

முத்துசாமி கோயிலுக்கும் ஏர்வாடிக் காப்பகத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு இப்போது துலங்கும். இரண்டும் நம்பிக்கைத் தலங்கள். ஒன்றில் உடனிருக்க உறவினர் ஒருவர் இருந்தார்.

4. பழைய அறக்கொடைகளில் ஆள்

ஈகையின் இயல்பே இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. இராமேசுவரம் போகும் சேது வழியெங்கும் சேதுபதிகளும் தஞ்சை மராட்டியரும் சத்திரங்கள் கட்டினார்கள். கும்பினியார் தம் நாட்டை எடுத்துக்கொண்ட காலத்தில் சரபோஜி மன்னர் அச்சத்திரங்களைக் காப்பாற்றித் தரும்படி ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு 1801இல் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. அதில் அன்னதானத்தின் பெருமை மட்டும் இல்லை. வழியில் நோயுற்றவருக்கு மருந்து, பத்தியம், மருத்துவர், குணமாகும்வரை கவனிப்பு, ஆதரவற்ற பிள்ளைகளுக்குப் படிப்பு என்று அந்தச் சத்திரங்களின் பணிகளை மன்னர் விவரிக்கிறார். தம் குடும்பத்தின் கொடையைக் காக்க முனைந்தவர் சற்றே மிகைப்படுத்தியிருக்கலாம். ஆயினும் இந்த அமைப்பு எதன்மேல் நின்றது என்பது ஐயமற்றது: சத்திரத்துக்கு எழுதிவைத்த ஊர்களின் நிலவருவாய். ஆண்டுதோறும் வரும் நெல்லிலிருந்து சமையல்காரருக்கும் வைத்தியருக்கும் படி அளக்கலாம். சோறு மட்டுமின்றி ஆளும் கொடையின் உள்ளேயே இருந்தது. நிலவருவாய் கைமாறிய பிறகு எஞ்சியது பெரும்பாலும் அன்றன்றைய பிச்சைதான்.

ஆனால் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற முடிவுக்கும் வர முடியாது. 1910இல் உருவான அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், மானாமதுரையை ஒட்டி, அமெரிக்க மதுரை மிஷன் 1913இல் தயாபுரம் தொழுநோய் இல்லத்தை நிறுவியது. கடல் கடந்து வந்த நன்கொடையில் மருத்துவரும் செவிலியரும் தொடர்ந்து ஊதியம் பெற்றார்கள். இராமேசுவரக் கோயில் தெருக்களில் கையேந்தி நின்ற தொழுநோயாளிகளின் நிலையோடு ஒப்பிட்டால் அது பெரிய மாற்றம். அதேசமயம் தொழுநோய் இல்லம் என்பது ஒதுக்கிவைக்கும் இடமும்கூட. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் அவர்களைப் பிடித்து அடைக்க அதிகாரம் தந்தது. அந்தச் சட்டம் ஒழிக்கப்பட 2016 வரை ஆயிற்று. கவனிக்க ஆள் இருந்தும் வாசல் பூட்டியிருக்கலாம் என்பதற்கு அந்தக் கால இல்லங்கள் சான்று. ஆள் என்பது தேவையான நிபந்தனை. போதுமான நிபந்தனை இல்லை.

5. தீக்குப் பின்: சட்டமும் உதவித்தொகையும்

2002 பிப்ரவரி 5ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு அரசு மனநல மருத்துவமனையாவது வேண்டும் என்றது. பதிவு பெற்றவை, பெறாதவை என்று எல்லாக் காப்பகங்களையும் மாவட்டவாரியாகக் கணக்கெடுக்கச் சொன்னது. இராமநாதபுரத்துக்கு மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவிலும் சங்கிலியிடுவதை 95ஆம் பிரிவில் தடை செய்தது. இருந்தும் 2019 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்துப் பதாயூன் காப்பகம் ஒன்றில் சங்கிலியிட்டிருந்த படங்கள் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தன. இது ஏர்வாடியின் தனிக் கோளாறு இல்லை என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

தடை ஒருபக்கம். மறுபக்கம், சங்கிலியின் இடத்தில் எதை வைப்பது? இங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான பண உதவியைப் பார்க்க வேண்டும். நடுவண் அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு 80 விழுக்காடு ஊனமும் வறுமைக்கோட்டுச் சான்றும் வேண்டும். அதில் தில்லி தரும் பங்கு மாதம் 300 ரூபாய், 2012இலிருந்து அப்படியே. தமிழ்நாடு இதைவிடப் பலமடங்கு தருகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்: வருவாய்த் துறை வழியான ஓய்வூதியம் 2023 ஜனவரியிலிருந்து 1,500 ரூபாய், கடும் பாதிப்புள்ளோருக்கான பராமரிப்பு உதவித்தொகை 2,000. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிறருக்கான ஒத்த திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. முதியோர் ஓய்வூதியம் இப்போது 1,200. அதோடு கால்பங்கு கூட்டினால் 1,500. சட்டத்தின் கீழ்வரம்பை ஒரு ரூபாய் கூடாமல் குறையாமல் தொட்டு நிற்கிறது. ஆந்திரத்தில் 2024இலிருந்து இது 6,000. மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் மறியலில் திரும்பத் திரும்பச் சொல்லும் எண் இது.

ஆயினும் தொகையைவிட, அது எதை வாங்கும் என்பதே என் அக்கறை. உயர் ஆதரவு தேவைப்படுவோரைப் பார்த்துக்கொள்பவருக்கு மாநில அரசு தனியாக மாதம் 1,000 ரூபாய் தருகிறது. கவனிப்பும் ஒரு வேலை என்று ஏட்டில் ஒப்புக்கொள்வதால் கொள்கை அளவில் இது முக்கியமான அடி. ஆனால் 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் நாட்கூலி 336 ரூபாய். ஆயிரம் ரூபாய் மூன்று நாள் கூலிக்கு எட்டு ரூபாய் குறைவு. மாதத்தின் மீதி 27 நாளும் தாயோ அக்காளோ தன் கூலியை விட்டுக்கொடுத்தே உட்கார வேண்டும். கவனிப்போர் உதவியைச் சட்டமே 'பொருளாதார வலிமைக்கு உட்பட்டு' என்ற வேலிக்குள் வைத்திருப்பதால், இதை வழக்காடிப் பெறுவதும் கடினம்.

இந்த ஆயிரத்தையும் பெறச் சான்று வேண்டும், தனித்துவ அடையாள அட்டை வேண்டும். இராமேசுவரத்திலிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். கால் இழந்தவரின் ஊனம் எவர் கண்ணுக்கும் தெரியும். மனநோயாளி அன்று அமைதியாக இருந்தால் சான்று எழுதுபவருக்கு ஐயம் வரும், கலவரப்பட்டால் பேருந்திலேயே ஏற்ற முடியாது. 2022இல் இராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது நல்ல செய்தி. ஆனால் வீட்டுக்கும் அங்கே இருக்கும் மருத்துவருக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடக்கத் துணையாள் வேண்டும். அவருடைய அன்றைய கூலியும் போகும்.

தனியார் ஈகையும் இதே வழக்கத்தில்தான் நடக்கிறது. மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3 அன்று மேடையில் மூன்று சக்கர வண்டி, தையல் இயந்திரம், ஊன்றுகோல் தருகிறார்கள், படம் எடுக்கிறார்கள். சக்கர நாற்காலியின் சிறிய முன்சக்கரம் கடற்கரைக் குப்பத்து மணலில் பத்தடி தாண்டாது. தள்ள ஒருவர் இல்லையென்றால் அது திண்ணையில் துணி காயப்போடும் சட்டம். கொடுத்தவர்களைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. பொருளுக்குப் பணம் திரளும் வேகத்தில் ஆளின் நேரத்துக்குத் திரள்வதில்லை என்பதற்கு ஏர்வாடிக்கு வெளியிலும் சான்று இருக்கிறது.

6. மருந்தும் துஆவும், அதற்குப் பிறகும்

குஜராத்தின் மீரா தாதர் தர்காவில் தொடங்கிய 'தவா-துஆ' முறையைப் பின்பற்றி, ஏர்வாடியிலும் தர்கா வளாகத்திலேயே மனநல மருத்துவரைப் பார்க்க வழி செய்யப்பட்டது. வழிபாட்டை விடச் சொல்லாமல் மருந்தை அதோடு சேர்ப்பது இதன் உத்தி. திருச்சியை அடுத்த குணசீலம் பெருமாள் கோயிலில், ஏர்வாடித் தீக்குப் பிறகு, 48 நாள் தங்கும் மரபை உரிமம் பெற்ற மறுவாழ்வு மையத்தோடு இணைத்தார்கள். தேசிய மனநல ஆய்வு 2015-16 காட்டியபடி, மனநலக் கோளாறு உள்ளவர்களில் 70 முதல் 92 விழுக்காடு வரை சிகிச்சைக்கு வெளியே நிற்கும் நாட்டில், நோயாளி ஏற்கெனவே வந்து சேரும் இடத்துக்கு மருத்துவர் போவது அறிவார்ந்த செயல். மருந்துச் சீட்டோடு ஊர் திரும்பிய பிறகு அந்தி மாத்திரையை எடுத்துத் தருபவர் யார் என்ற இடத்தில் இம்முறையும் நின்றுவிடுகிறது.

அந்த இடத்தைத் தொட்ட முயற்சி என்றால் 1993இல் சென்னையில் தொடங்கிய பான்யன் அமைப்பு முன்னெடுத்த 'மீண்டும் இல்லம்' ஏற்பாட்டைச் சொல்லலாம். நீண்ட காலம் நிறுவனங்களில் கிடந்தவர்கள் நாலைந்து பேராக ஊருக்குள் சாதாரண வாடகை வீடுகளில் வாழ்கிறார்கள். அந்தந்தப் பகுதிப் பெண்கள் ஊதியம் பெற்று உடனிருக்கிறார்கள். மதில் இல்லை. தயாபுரத்தின் பூட்டுக்கும் ஏர்வாடியின் சங்கிலிக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும் வடிவம் இது. ஆனால் அந்தப் பெண்களின் சம்பளம் பெரும்பாலும் திட்ட நிதியில் ஓடுகிறது; திட்டம் முடியும் நாளில் சத்திரத்துக்கு நேர்ந்ததே இதற்கும் நேரலாம்.

இராமநாதபுரக் கரையில் அதற்கான வருவாய் இல்லாமல் இல்லை. இராமேசுவரம் இராமநாதசுவாமி கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. திருமண நாள், நினைவு நாள் என்று ஒரு நாள் கட்டளை எழுதிப் பணம் கட்டுபவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். ஏர்வாடியில் நேர்ச்சையும் உண்டியலும் குறையவில்லை. ஒருநாள் சோற்றுக்கு இருப்பதுபோல் ஒருமாதத் துணையாளுக்கும் கட்டளை எழுதும் வழியைக் கோயிலும் தர்காவும் திறந்தால், தங்கச்சிமடத்திலோ கீழக்கரையிலோ ஒரு பெண் நூறு நாள் வேலையின் கூலிக்குக் குறையாத சம்பளத்தில் பக்கத்து வீட்டு நோயாளியைப் பார்த்துக்கொள்ளலாம். இதில் இரண்டு சிக்கல்கள் உடனே எழும். அறநிலையத் துறையும் வக்பு வாரியமும் சமய நிதியை இப்படிச் செலவிட விதிகள் இடம் தருமா என்பது ஒன்று. சம்பளம் கொடுப்பவர் காவலராக மாறாமல் பார்த்துக்கொள்ள மாவட்ட மனநல மீளாய்வு வாரியம் எவ்வளவு அடிக்கடி வீடு தேடி வரும் என்பது மற்றொன்று. முதலாவதைச் சட்ட வல்லுநர்கள் தீர்க்கலாம். இரண்டாவதற்கு வாரியத்திடமும் போதிய ஆள் வேண்டும்.